கரை உறுதியாக உள்ளது

செங்கரைப்பேரி,
இலஞ்சி வழி,
தென்காசி மாவட்டம்.
கார்த்திகை, திங்கட்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் வேல்விழி வணங்கி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம்தான். அது உதைக்கிற உதையைப் பார்த்தால் பட்டாளத்துக்கு அடுத்த ஆள் இப்போதே தயார். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். போன வாரம் பனிமலையிலிருந்து போன் போட்டீர்களே, அதில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்றே போய்விட்டது. மீதி நேரத்தில் "சாப்பிட்டியா" என்று கேட்டீர்கள். இதற்கு ஒரு சாட்டிலைட் போன்! அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

இங்கே ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். சபரிமலைக்குப் போகிற சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து, கயிறு கட்டின இடத்தில் நின்று அருவியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். திருக்கார்த்திகைக்கு அத்தை ஓலைக் கொழுக்கட்டை அவித்தார். வாசலில் வைத்த விளக்கு ஒன்றுகூட நிற்கவில்லை, காற்று அப்படி. போதாததற்கு இப்போது கடலில் ஒரு புயல் உருவாகியிருக்கிறதாம். அதற்கு என்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள், என் வாயில் நுழையவில்லை. அத்தை அதை 'அந்தச் சனியன்' என்றுதான் சொல்கிறார். எங்கோ வடக்கே கரையைக் கடந்தாலும் மழையை நம் மலையில்தான் கொட்டும் என்று டிவியில் சொல்கிறார்கள்.

இனி ஒரு பெரிய சேதி. உங்கள் பெண்டாட்டி இப்போது ஊருக்கே குரல் கொடுக்கிறாள். சிரிக்காதீர்கள். நான் ஊராட்சி அலுவலகத்தில் பேசாமல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு கிடந்தவள்தானே. செயலர் ஆவுடைநாயகம் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மழை எச்சரிக்கையை யாராவது வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார். நான் வாசித்தேன். அதைப் பென்டிரைவில் ஏற்றி, மூசா அண்ணாச்சியின் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, தெருத்தெருவாகப் போட்டார்கள். அன்று சாயங்காலமே பால்காரர் முதல் பள்ளிக்கூடத்து சார் வரை, "டிவியில செய்தி வாசிக்க மாரில்லா இருக்கு" என்று ஒரே பாராட்டு. அதிலிருந்து எல்லா அறிவிப்பும் என் தலையில் விழுந்துவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் என் குரல்தான்.

அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆட்டோ கீழத்தெருவுக்குள் திரும்பும்போதே அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். "எம்மருமவ வாறா" என்று தெருவுக்கே சொல்கிறார். ஒருநாள் நான் உள்ளே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "ஒங்க மருமவ இங்கனதான் இருக்கேன் அத்த" என்றேன். "சத்தம் போடாதட்டி, அவ சொல்லுதது கேக்கணும்லா" என்று என்னையே அதட்டுகிறார்!

சிரித்துவிட்டேன். ஆனால் அத்தான், வாசிப்பது எது என்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை. 'பெரியகுளத்தின் கரை உறுதியாக உள்ளது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. வதந்திகளை நம்ப வேண்டாம்.' இதை மேலே இருந்து அனுப்புகிறார்கள். யார் சார் கரையைப் பார்த்தது என்று செயலரிடம் கேட்டேன். "யாராவது பாத்திருப்பாங்கம்மா, நீ வாசி" என்றார். நம் வீடு கீழத்தெருவின் கடைசி வீடு. பின்சுவரைத் தாண்டினால் கரையின் அடிவாரம். கரைமேல் எந்த அதிகாரியும் நடந்து நான் பார்க்கவில்லை, ஆட்டுக்காரர்கள்தான் நடக்கிறார்கள்.

தொழுவத்துக்குப் பின்னால், கரையடியில் சின்னதாக ஓர் ஊற்று கிளம்பியிருக்கிறது. விரல் தடிமன்தான். "குழாயில வராத தண்ணி கொல்லையில வருது பாரு" என்று அத்தை அதில் பாத்திரம் கழுவுகிறார். குளத்தடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான், தெளிந்து வந்தால் வெறும் கசிவு, செம்மண்ணாகக் கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். இப்போது தெளிந்துதான் வருகிறது. ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. படுத்தால் காதில் விழுகிறது.

இன்று காலை எதிர்வீட்டுச் சங்கிலிப்பாண்டி மாமா வந்து, "மதினி, சட்டிபானையக் கெட்டிருவமா?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன், எம்மருமவ சொன்னது ஒங்க காதுல விழலயா?" என்றார். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். உங்கள் அம்மா முப்பிடாதியம்மாளே வீட்டில் இருக்கிறாள் என்றால் பயமில்லை என்று தெருவே நினைக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறேன். அத்தையோ நான் கண்ணால் பார்த்துச் சொல்வதாக நினைக்கிறார்.

மற்றபடி கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. பிரசவத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டீர்களா? என் அண்ணன் சிவகிரிக்கு வந்துவிடு என்று நச்சரிக்கிறான். புயல் டியூட்டி இருக்கிறதே, யார் விடுவார்கள். நான் எழுதும் எந்தக் கடிதமும் உங்கள் அம்மா கடைசியில் ஒரு வரி எழுதாமல் ஒட்டப்படுவதில்லை என்பது தெரிந்ததுதானே. இதோ பேனாவைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். கொடுக்கிறேன்.

உங்கள்,
வேல்விழி

அம்மா எழுதுவது: ஏலே மணி, பனியில காதப் பொத்திக்கோ. இங்கன ஒண்ணும் இல்ல. ஓம் பொண்டாட்டி சத்தம் ஊரெல்லாம் கேக்கு.

*

ஊராட்சி அலுவலகம்,
செங்கரைப்பேரி.
சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

வேல்விழியின் வணக்கம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புயல் கடந்துவிட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். தொழுவத்து ஓடு நாலைந்து பறந்ததைத் தவிர வீட்டுக்குச் சேதம் இல்லை. இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு மலையிலிருந்து குதித்துவிடாதீர்கள். நிதானமாகப் படியுங்கள்.

புயல் வடக்கேதான் போனது. மழை, டிவியில் சொன்ன மாதிரியே நம் மலையில் கொட்டியது. கொட்டியது என்றால் சாதாரணமாக இல்லை. குற்றாலத்தில் அருவிக்கரைக் கடைகளின் பலகையெல்லாம் சிற்றாற்றில் மிதந்து வந்தது என்று மூசா அண்ணாச்சி சொன்னார். ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் ஏறி, வழியில் இருந்த குளங்களையெல்லாம் நிரப்பிவிட்டு நம் பெரியகுளத்தில் வந்து முட்டியது. உபரித் தண்ணீர் மறுகாலில் வழிந்து ரோட்டுமேல் ஓடுகிறது. வீரகேரளம்புதூருக்குப் பஸ் இல்லை. கரண்டும் இல்லை. அலுவலகத்து ஜெனரேட்டரில்தான் போனுக்குச் சார்ஜ் போடுகிறோம்.

வியாழக்கிழமை காலையில், நடுமடைக்குப் பக்கத்தில், கரையின் உள்பக்கம் ஒரு மாட்டுவண்டி அளவுக்குச் சரிந்து குளத்துக்குள் விழுந்துவிட்டது. ஜேசிபி வர வழியில்லை. நம் ஊர் ஆட்களும் கூலி ஆட்களுமாகச் சவுக்குக் கம்பு அடித்து மணல் மூடை அடுக்கினார்கள். பாவம், கொட்டுகிற மழையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மூடைகளுக்கு மேல் நீலத் தார்ப்பாயை விரித்ததும் ஓர் அதிகாரி குடையோடு வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் எனக்கு வாசிக்க வந்துவிட்டது. 'கரையில் ஏற்பட்ட சிறு சரிவு போர்க்கால அடிப்படையில் சீரமைக்கப்பட்டது. கரை உறுதியாக உள்ளது.' போர்க்காலமாம்! உண்மையான போர்க்காலம் என்னவென்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

நான் செயலரிடம் சண்டை போட்டேன். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள் சார், கீழத்தெரு ஜனங்கள் மட்டுமாவது மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வந்து தங்கட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை அத்தான், பயந்தவர். "ஜனத்தப் பதறவிட்டு எவளாவது விழுந்து செத்தா நான் பதில் சொல்லணும். உறுதின்னு சொன்னா மேல உள்ளவன் பதில் சொல்லுவான். வாசிம்மா" என்றார். வாசித்தேன். வாய் கூசியது. ஆனாலும் வாசித்தேன்.

சாயங்காலம் அத்தையைக் கூட்டி வரப் போனேன். முதலில் மாட்டைக் காரணம் சொன்னார். மாட்டையும் கூட்டி வாருங்கள் என்றேன். அடுத்துக் கோழி. கோழியையும் கூடையில் போடுங்கள் என்றேன். கடைசியில், "நீதான சொன்ன, கரை உறுதியா இருக்குன்னு" என்றார். அது எழுதிக் கொடுத்தது அத்தை, நான் சொன்னதில்லை என்றேன். "எழுதிக் குடுத்தா என்ன, வாயி ஒன் வாயிதான" என்று ஒரே போடாகப் போட்டார்.

அத்தோடு நிற்கவில்லை. "பாதையெல்லாம் வழுக்குது. வயித்துப் பிள்ளயோட நீ தெனமும் நடக்க வேண்டாம். ஆபீஸ்லயே இரு, நான் சோறு குடுத்து விடுதேன்" என்று என்னை மட்டும் மேட்டுக்கு விரட்டிவிட்டார். அத்தைக்கு என்மேல் எத்தனை பாசம் என்று பூரித்துப்போய் வந்துவிட்டேன், மடச்சி. சொன்னபடி மூசா அண்ணாச்சி ஆட்டோவில் தூக்குச்சட்டி வந்தது. நேற்று மத்தியானம் வந்த பை கனமாக இருந்தது. புளிக்குழம்புக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, உங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், உங்கள் அப்பாவின் படம், நம் கல்யாண ஆல்பம், பிள்ளைக்கு என்று அவர் பழஞ்சேலையில் தைத்து வைத்திருந்த துணிகள். உறுதியாக இருக்கிற கரைக்குக் கீழே குடியிருக்கிறவர் எதற்காக இதையெல்லாம் மேட்டுக்கு அனுப்புகிறார்?

அதே ஆட்டோவில் ஏறிப் போனேன். நேரே கொல்லைக்குப் போனேன். ஊற்றின்மேல் சாக்கை விரித்து, மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றுகிற கல்தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். தனி ஆளாக எப்படிப் புரட்டினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தொட்டியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. கையில் அள்ளினேன், விரலிடுக்கில் மண் நின்றது.

அத்தை பின்னால் வந்து நின்று, "பாத்துட்டியா" என்றார், அவ்வளவுதான். தெரிந்துகொண்டே ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "நான் எந்திரிச்சா தெரு பூரா எந்திரிச்சிரும். அப்புறம் என்ன சொல்லும்? மாமியாக்காரி காதுல மட்டும் உண்மையச் சொல்லிட்டு, ஊருக்கு மைக்குல பொய் சொன்னவன்னு ஒன்னச் சொல்லும். நாளைக்கு எம்பேரப்பிள்ள இந்தத் தெருவுல எப்பிடிட்டி வெளாடும்?" என்றார்.

புரிகிறதா அத்தான்? அத்தை என் குரலை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. என் பேர் கெடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெரு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மானமும் வேண்டாம் மரியாதையும் வேண்டாம், தூக்கிக் குளத்தில் போடுங்கள் என்று அழுதேன். "மோரக் குடி, மூச்சு வாங்குது ஒனக்கு" என்று டம்ளரை நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தட்டிவிடாதது பெரிய விஷயம். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் சொல்லுக்குத்தான் அத்தை அசைவார். எப்படியாவது ஒரு போன் போடுங்கள். போட்டால் என்னிடம் பேச வேண்டாம், உங்கள் அம்மாவிடம் பேசுங்கள். "சாப்பிட்டியா" என்று கேட்க வேண்டாம். "வெளிய வா" என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இதை அத்தை படிக்க முடியாதபடி மடித்து, கடைசி இடத்தை மட்டும் வெளியே விட்டு மூசா அண்ணாச்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள்,
வேல்விழி

அம்மா எழுதுவது: ஏலே மணி, மழ விட்டுட்டு. கரை நல்லா இருக்கு. வேலு கொஞ்சம் பயந்திருக்கா, வையாத. நல்ல பிள்ள.

*

அரசுப் பள்ளிக்கூடம்,
செங்கரைப்பேரி.
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள அத்தானுக்கு,

வேல்விழி எழுதுவது. போன கடிதம் இன்னும் டெல்லியைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்குள் இதை எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. இந்தத் தடவை நேராகத் தெற்கே வருகிறதாம். எனக்கு வந்த அறிவிப்பில் அதே வரி. கரை உறுதியாக உள்ளது. செயலர் தென்காசிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செய்தி வாசிக்கிற தமிழையும் விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசிப் பதிவு செய்தேன். "இது எழுதிக் குடுத்தது இல்ல. வேல்விழி பேசுதேன். கரை உறுதியா இல்ல. எங்க வீட்டுக் கொல்லையில மண்ணு கரைஞ்சு வருது, என் கையால அள்ளிப் பாத்தேன். இத்தன நாளு நான் வாசிச்சது பொய்யி. அத்த, மொதல்ல நீங்க எந்திரிச்சு வாங்க. நீங்க வந்தாத்தான் தெரு வரும்." மூசா அண்ணாச்சி பென்டிரைவை வாங்கிக்கொண்டு, "வேல போயிரும் தங்கச்சி" என்றார். போகட்டும் அண்ணாச்சி என்றேன்.

அத்தை வந்தார். ஒரு கையில் மாடு, ஒரு கையில் கோழிக்கூடை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்தார். அவருக்குப் பின்னால் கீழத்தெரு முழுக்க வந்தது. மைக் வைத்து மாமியாரை வீட்டைவிட்டு விரட்டின முதல் மருமகள் நான்தான் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மற்ற பெண்களிடம், "ஊரு கேக்க என்னக் கூப்பிட்டுட்டா பாத்தியா, என்ன நெஞ்சழுத்தம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் கரை உடையவில்லை அத்தான். அன்று உடையவில்லை, நேற்றும் உடையவில்லை. மழைகூட விட்டுவிட்டது. செயலர் திரும்பி வந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர்மேலும் யாரோ அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. பக்கத்து ஊர் அலுவலகத்திலிருந்து யோகலட்சுமி என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தேன் மாதிரிக் குரல். பாவம், அவள் நம் கரையைப் பார்த்ததே இல்லை. 'பொதுமக்கள் தங்கள் இல்லங்களுக்குத் திரும்பலாம். கரை உறுதியாக உள்ளது' என்று அவள் வாசித்தாள்.

ஜனங்கள் அதற்காகவே காத்திருந்த மாதிரி மூட்டையைக் கட்டினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றில் தண்ணீர் வராது. நெல் நனைந்து கிடக்கிறது. சங்கிலிப்பாண்டி மாமா என் காதுபடவே, "பிள்ளத்தாச்சில்லா, பயந்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை மட்டும் சுவரோரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாங்க மதினி என்று கூப்பிட்டதற்கு, "அது எம்மருமவ சத்தம் இல்ல. நான் வரல" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இன்று விடிந்ததிலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. மேகம் கொஞ்சம் விலகினபோது மலையைப் பார்த்தேன். வழக்கமாக வெள்ளையாய்த் தெரிகிற அருவி சிவப்பாகத் தெரிந்தது. அருவியே இல்லாத இடத்திலெல்லாம் தண்ணீர் இறங்குகிறது. சிற்றாற்றுப் பாலத்துக்குமேல் தண்ணீர் போகிறது, காலையில் மறுபடி தென்காசிக்குப் போன செயலர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், போனும் கிடைக்கவில்லை. யோகலட்சுமி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு வாசிக்க எதுவும் வரவில்லையாம். நான் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டேன். எல்லோரும் மேட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். பதிலுக்கு யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்கள். "வேலு மறுபடி ஆரம்பிச்சுட்டா" என்று ஒருத்தர் எழுதினார். உறுதி என்று சொன்னபோது நம்பினார்கள், உறுதியில்லை என்று சொன்னபோது வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இனி என் குரலுக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

மூசா அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நானே ஆட்டோவில் போகிறேன் என்று எழுந்தேன். அத்தை என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசினது அப்போதுதான். "ஒன் சத்தத்த ரெண்டு மாரியும் கேட்டுட்டாங்க, இனி ஏறாது. நான் அங்கன உக்காந்திருந்தேன்னுதான அம்புட்டுப் பேரும் உக்காந்தாங்க. நான் போயிக் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாங்க" என்றார். வேண்டாம் அத்தை, நானும் வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளத்தாச்சிக்கு அங்கன என்ன சோலி? மாட்டப் பிடி" என்று கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். காலில் செருப்புகூடப் போடவில்லை. மூசா அண்ணாச்சி வண்டியைத் திருப்பினார்.

ஆட்டோவில் இருக்கிற மைக் ஓடுகிறது என்று தெரியாமல், "இதுல பேசுனா கேக்குமாலே மூசா?" என்று அவர் கேட்டது ஊருக்கே கேட்டது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பேசினார். "ஏ சங்கிலிப்பாண்டி, எல்லாரும் கேளுங்க. நான் முப்பிடாதி பேசுதேன். கரையடியில மண்ணு கரையுதத நான் என்னைக்கோ பாத்துட்டேன். பாத்துட்டுத் தொட்டியப் போட்டு மூடிட்டு ஒங்ககிட்டச் சொல்லாம இருந்தேன். எம்மருமவ பேரு கெட்டுரும்னு இருந்தேன். தப்புதான். இப்ப சொல்லுதேன், எந்திரிங்கலே. சட்டியத் தேடாதிய, பிள்ளயளத் தூக்கிட்டு வாங்க." இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நான் வாசித்தது எதுவும் இப்படி இல்லை அத்தான். உங்கள் அம்மா குரல் கரகரவென்று, இருமலோடு, மழைக்குள்ளே வருகிறது.

ஜனங்கள் வருகிறார்கள். முதலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். இப்போது சங்கிலிப்பாண்டி மாமா தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். கரையிலிருந்து நம் தொழுவத்துப் பக்கம் மண் பொதபொதவென்று விழுகிறதாம். அத்தை எங்கே என்று கேட்டேன். "மதினி பொறத்தால வாறா, கடேசி வீடு வரைக்கும் பாத்துட்டு வாறேன்னா" என்றார். வருகிற எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். கடைசி வீடு நம் வீடுதான், அதில் யாரும் இல்லை என்று அத்தைக்குத் தெரியாதா? அதற்கு முந்தின வீட்டில் கண் தெரியாத ஒரு மனுஷர் இருக்கிறார். அவரைத்தான் தேடிப் போயிருப்பார்.

இன்னும் அத்தையின் குரல் கேட்கிறது. தூரத்தில், சன்னமாக, கரைப் பக்கமிருந்து கேட்கிறது. மாடு கயிற்றை அந்தப் பக்கமே இழுக்கிறது. நான் கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அத்தான், நீங்கள் இருக்கிற இடம் வானத்துக்குப் பக்கம் என்று சொல்வீர்களே. அங்கிருந்தே நம் இசக்கியம்மனை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. எப்போது படித்தாலும் சரி, படித்த அந்த நிமிஷத்தில் கும்பிடுங்கள். அத்தை ஈரக்கையோடு வந்து, "பேனாவக் குடுட்டி" என்று அதட்டட்டும். நான் இதை ஒட்டவில்லை. எப்போதும்போலக் கீழே அவருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உங்கள்,
வேல்விழி

அம்மா எழுதுவது: